இறங்கிய தோள்

சட்டை இடது தோளில் இறுகிப் பிடித்தது. வலது தோளில் தொய்ந்து தொங்கியது.

அவள் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, அதைப் போட்டுக்கொண்டு நின்றவனைப் பார்த்தாள். கணவனுக்கு இடது தோள் சற்றே இறக்கம். கடைச் சட்டை எதுவும் அவனுக்கு ஒழுங்காக உட்காராது என்பதால், கல்யாணமானதிலிருந்து அவள்தான் வெட்டித் தைக்கிறாள். கத்தரிக்கோல் தானாகவே அந்த இறக்கத்தைப் போட்டுவிடும். இப்போது இறங்கியிருந்தது வலது தோள்.

கூரையிலிருந்து சொட்டும் மழைநீரின் ஓசையும், மிஷின் எண்ணெயின் வாடையும், இஸ்திரிச் சூட்டில் ஈரத்துணியிலிருந்து எழும் ஆவியும் நிறைந்திருந்த அந்த அறையில் ஒரு வாசனை மட்டும் இல்லை. அவனுடையது.

"இவர் என் வீட்டுக்காரர் இல்ல" என்று அவள் சொன்னதும், நாத்தனார் மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

"மூளை முகத்தை அடையாளம் கண்டுக்கும்மா. அதோட வர வேண்டிய பாசம் வராது. அதனால வேற ஆளுன்னு தோணும். இதுக்குப் பேரே இருக்கு," என்றார் டாக்டர்.

"பாசம் அப்படியேதான் இருக்கு டாக்டர். வாங்கிக்கத்தான் ஆளைக் காணோம்."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "கூடப் பிறந்தவ எனக்குத் தெரியாதா என் தம்பிய?"

"நீங்க அவருக்கு ஒரு பட்டன்கூட தைச்சதில்ல, அண்ணி."

"இன்னைக்கு மாத்திரை போடலேன்னா நாளைக்கு ஆஸ்பத்திரிதான். பார்த்துக்கோ."

வீட்டில் அவன் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினான். விழுங்கினால் நிம்மதி. இவனே கணவன் என்று மனம் ஒத்துக்கொள்ளும். அதன்பிறகு அவளுடைய அவனைத் தேட உலகத்தில் ஒருத்திகூட இருக்க மாட்டாள்.

மாத்திரையை ஜன்னல் வழியே வீசினாள்.

"சட்டையைக் கழட்டுங்க. அளவெடுக்கணும்."

சிரித்தபடியே கழற்றினான். மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். மூச்சுக்கு டேப் விரியவில்லை. சுருங்கவில்லை.

"பயமா இருக்கா?" என்றது அவன் குரல்.

"இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். குளிர். துடிப்பு இல்லை.

அழுத்தினாள்.

தோலுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. உள்ளேயிருந்து ஐந்து விரல்கள் புடைத்தெழுந்து, சினிமா கொட்டகை இருட்டில் கணவனின் கை அவள் கையைத் தேடி வரும் அதே அவசரத்தோடு, அவள் விரல்களில் வந்து பொருந்தின.

சிரித்த முகம் சிரிப்பை நிறுத்தியது.

அவள் கையை எடுக்கவில்லை. தோலோடு சேர்த்து அந்தக் கையை இறுகப் பற்றினாள். இழுத்தாள்.