பதினேழாம் மேசை விடைத்தாள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிக்க உடம்பு வணங்காது. தேறாவிட்டால் மட்டும் ஹாலில் பேய் இருக்கிறது என்பார்கள். இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருடமாகப் பரீட்சைத் தாள் அடுக்குகிறேன். நான்காம் வகுப்போடு நின்றவன்தான். என் கண்ணில் ஒன்றும் பட்டதில்லை.

அன்று காலை அறநெறிப் பரீட்சை. என்ன படித்தாலும் அதில் தேறினால்தான் பட்டம். பழைய சிற்றாலயத்தை ஹாலாக்கியிருந்தார்கள். பதினேழாம் மேசை, போன வருடம் இதே பரீட்சைக்கு முந்தின நாள் விடுதியில் காய்ச்சலில் செத்துப்போன பெண்ணுடையது. இறப்புச் சான்றிதழை அவள் அப்பா கொண்டுவந்து தரவில்லை. அதனால் ஆபீஸ் அவள் நம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. நம்பர் இருந்தால் தாள் வைத்தாக வேண்டும். வராதவர் தாளை அரைமணியில் எடுத்துவிட வேண்டும்.

மேற்பார்வைக்கு வந்த சிஸ்டர் அடுத்த ஹாலுக்குப் போகும்போது காதோரம் சொன்னார்: "அண்ணே, அரைமணி ஆனதும் பதினேழை எடுத்துடுங்க. ஒரு நிமிஷம்கூட விடாதீங்க."

"ஏன் சிஸ்டர், உங்க ஜெபம் அரைமணிதான் தாங்குமா?"

அவர் சிரிக்கவில்லை.

அரைமணி ஆனது. முழங்கால் வலி. அதைவிட வீம்பு. நான் எடுக்கவில்லை.

பதினெட்டில் ஒரு நர்ஸ், கைக்குழந்தைக்காரி. இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. தேறாவிட்டால் பட்டமும் இல்லை, ஆஸ்பத்திரி வேலையும் இல்லை. தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு மேசையிலும் எழுதிய கை ஒன்று.

பேனா கீறும் சத்தம் இரண்டு.

கூடவே ஒரு நாற்றம். காய்ச்சல்காரர் நெற்றியில் போட்டு எடுத்த ஈரத்துணி நாற்றம்.

"அண்ணே," நர்ஸ் கிசுகிசுத்தாள். "என் பக்கத்துல யாராச்சும் உக்காந்திருக்காங்களா?"

"காலியாத்தான் கிடக்குது. எழுதும்மா."

"எழுதுறது எதுவுமே தாள்ல நிக்க மாட்டேங்குதுண்ணே..."

"ஏமாத்துறதுக்கு இது புது வழியா?"

எட்டிப் பார்த்தேன். அவள் எழுதிய வரிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வந்தன.

வெயிலில் கண் கூசியிருக்கும்.

மணி அடித்தபோது அவள் தாளில் அவள் நம்பர் மட்டும் இருந்தது. பதினேழாம் மேசைத் தாளில் பக்கம் பக்கமாக எழுத்து.

நர்ஸின் கையெழுத்து.

பரீட்சைப் பொறுப்பு ஃபாதர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "பதினேழை நீங்க எடுத்தீங்களா, இல்லையா?"

உண்மையைச் சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"அரைமணியிலேயே எடுத்துத் தாள் கட்டுல வெச்சேன் ஃபாதர். இந்தப் பொண்ணுதான் உருவியிருக்கும்."

நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நான் எந்திரிக்கவே இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்கண்ணே. உங்க பிள்ளைங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கையை உதறினேன்.

"இனிமே எந்தப் பரீட்சையும் எழுத முடியாதும்மா. போகலாம்," என்றார் ஃபாதர். பதினேழாம் தாளை என் எதிரிலேயே நாலாகக் கிழித்துப் போட்டார். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தியவன் நான்தான். நர்ஸ் வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு ஒட்டினார்கள். பூட்டுப் போட்ட கண்ணாடிப் பலகை. நர்ஸ் நம்பர் இல்லை. செத்தவள் நம்பர் இருந்தது.

தேர்ச்சி. முதல் வகுப்பு.

குனிந்து பார்த்தேன். அந்த நம்பருக்கு நேரே கண்ணாடி மூச்சுப் பட்டதுபோல் பனித்தது. மறைந்தது. மறுபடி பனித்தது. துண்டால் துடைத்தேன். போகவில்லை.

பனிப்பு உள்பக்கம்.

மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கத்தான் செய்யும். ஆபீஸ்காரன் தூக்கக் கலக்கத்தில் ஒரு நம்பரைத் தப்பாக அடித்திருப்பான். இதற்கெல்லாம் நின்றால் என் வேலை நடக்காது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினேன்.