சோலார் வெந்நீர் போன வழி

காலை ஆறு மணி. தை மாதத்து ஓசூர்க் குளிரில் ஷவரைத் திறந்த திம்மப்பன் அலறிவிட்டார். நேற்று மாலை கை சுடக் கொதித்த சோலார் தொட்டியில் இன்றும் பச்சைத் தண்ணீர்.

அவர் புகாரின் பேரில் எட்டு மணிக்கு எஸ்.ஐ. சுஜாதா வந்தபோது, கீழ்வீட்டில் குடியிருக்கும் சாராள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தாள். வெந்நீரைத் திருடுகிறாள் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் திம்மப்பன். மகள் ஃபெபாவுக்கு மார்ச்சில் பத்தாவது பரீட்சை. திருட்டுப் பட்டத்தோடு போனால் இந்தப் பக்கம் எவன் வீடு கொடுப்பான்?

“கீசர் நாளெல்லாம் கரண்ட் குடிக்கும். இன்ஸ்டன்ட் ஹீட்டர் குளிக்கறப்ப மட்டும் இழுக்கும். சோலாருக்கு வெயில் சும்மா. மூணையும் கணக்குப் போட்டுத்தான் மேடம் சோலார் வெச்சேன்,” என்றார் திம்மப்பன். “இப்ப தெனமும் வெந்நீர் காணாமப் போவுது. தொட்டிக்குள்ள இருக்கற கரண்ட் காயிலப் போட்டுத்தான் குளிக்கறேன். கீசர் இருந்தப்பவே பில்லு கம்மி. ஆனா ஹீட்டர் வெச்சிருக்கற இந்தம்மா பில்லு குறைஞ்சிருக்குது. எப்பிடீங்க?”

கேள்வி நியாயமானதுதான்.

மொட்டைமாடிக் கதவில் பூட்டு. சாவி திம்மப்பனின் அரைஞாண் கயிற்றில். சுஜாதா குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினாள். வெந்நீர்க் குழாய் திம்மப்பன் குளியலறையோடு முடிந்தது. மேல்தொட்டியின் பச்சைத் தண்ணீர்க் குழாய் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. எங்கும் ஒட்டு இல்லை, உடைத்த தடம் இல்லை.

“ஹீட்டர் போடறதில்லையா?” என்று சாராளைக் கேட்டாள்.

“தேவைப்படலீங்க. ராத்திரி துணி தொவைக்கறப்பவும் வெடிகாலைல டிரம் ரொப்பறப்பவும் தண்ணியே வெதுவெதுன்னு வருது. கர்த்தர் கிருபைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“கேட்டீங்களா! தண்ணி என் தொட்டியோடது, கிருபை மட்டும் கர்த்தரோடதா?” என்று சீறினார் திம்மப்பன்.

சுஜாதா அவர் குளியலறைக்குள் போனாள். சுவரில் வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என இரண்டு குழாய்க் குமிழ்கள், கொக்கியில் ஒரு கை ஷவர். இரண்டு குமிழும் பாதி திறந்திருந்தன. ஷவரில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“இதை எப்படி நிறுத்தினீங்க?”

“ஷவர் தலைல பட்டன் இருக்குதுங்களே, அதுலதான். குமிழைத் தொடவே மாட்டேன். வெந்நீர் இவ்வளவு, பச்சத்தண்ணி இவ்வளவுன்னு செட்டிங் வெச்சிருக்கேன். முப்பது வருசம் கம்பெனில லேத் மெஷின் செட்டர் மேடம் நான். செட்டிங்ல எவனையும் கை வைக்க உட்டதில்ல.”

“இந்த ஷவர் எப்ப வந்துச்சு?”

“தீபாவளிக்கு மாட்டினேன்.”

“பில்லு ஏறினது?”

திம்மப்பன் மாதங்களை விரல்விட்டு எண்ணினார். “அதுக்கப்புறந்தான்.”

காலையில் போட்ட காயிலில் தொட்டி மறுபடி சூடேறியிருந்தது. சுஜாதா ஜன்னல் வழியே குரல் கொடுத்தாள். “சாராள், உங்க குழாயைத் தொறந்து கைய வைங்க!”

சற்று நேரம் தண்ணீர் ஓடியது. “வெதுவெதுன்னு வருதுங்க!”

சுஜாதா வெந்நீர்க் குமிழை இறுக மூடினாள். காத்திருந்தாள்.

“ஐயோ! ஐஸ் மேடம்!”

“திருடன் இந்தக் குளியலறைலதான் இருந்திருக்கான்,” என்றாள் சுஜாதா. “பட்டன அமுக்கினா வெளிய வர்ற வழிதான் அடைபடும். ரெண்டு குமிழும் திறந்தே கிடந்தா உள்ள ரெண்டு குழாயும் ஒண்ணு. கீழ எந்தக் குழாயைத் திறந்தாலும் பச்சத்தண்ணிக் குழாய் வழியா உங்க வெந்நீரும் சேர்ந்து இறங்கிடும். அவங்க எடுக்கல ஐயா. நீங்களே அனுப்பியிருக்கீங்க. குமிழை மூடுங்க, சோலார் நீங்க போட்ட கணக்குப்படியே ஓடும்.”

திம்மப்பன் குமிழையே பார்த்தார். “சர்வீஸ்ல ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆனதில்ல மேடம்…”

பிறகு படியிறங்கினார். “ஏம்மா, நீ காலி பண்ண வேணாம். பாப்பா இங்கியே இருந்து படிக்கட்டும்.”

சாராள் நகரவில்லை. “திருடின்னு தெருவுல நின்னு சொன்னீங்க ஓனர். தெருவுலயே மாத்திச் சொல்லுங்க.”

அவர் கழுத்துவரை சிவந்தார். மெல்ல நடந்து கேட்டைத் திறந்து எதிர்வீட்டைப் பார்த்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது.

“ஏய் முனிவேலு! எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! சாராள் எடுக்கல! வெந்நீர் திருடன் நான்தான்!”

உள்ளே ஃபெபா, மூட்டை கட்டி வைத்திருந்த புத்தகங்களை அவிழ்க்கத் தொடங்கினாள்.