பிப்ரவரிக் கவாத்து

காலையில் வெட்டிய கிளைகள், விளக்கேற்றும் நேரமாகியும் சொட்டிக்கொண்டிருந்தன. மேப்பிள் மரத்தடியில் மறந்து வைத்த தகர வாளியில் டொக், டொக் என்று விழும் சத்தம், மூடிய கதவையும் கணப்பின் கரிவாசனையையும் தாண்டி, உப்பிட்ட பிளம் பிசைந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த கிகுனோவின் காதுக்கு வந்துகொண்டே இருந்தது.

மேப்பிளை டிசம்பருக்குள் கவாத்து செய்துவிட வேண்டும். சின்னக் கிளைகளில் இரும்பு படக்கூடாது. விரலால்தான் ஒடிக்க வேண்டும். ஓஹாரா கிராமத்தில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கணவர் யசுஹேய் முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் ஒடித்தார். ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்ததில் இடது சுண்டுவிரல் கொக்கியாக வளைந்தே போயிற்று. நவம்பரில் பக்கவாதம் வந்து பேச்சும் போனபின், அவர் கைகால்களில் அசைவது அந்த விரல் ஒன்றுதான். போர்வைமேல் இரண்டு முறை அசைத்தால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம்.

அந்த நிலையில் மரத்தை யார் நினைப்பார்கள்? பக்கத்து வீட்டு முரோய் நினைத்தாள்.

"அக்கா, உங்க மரம் எங்க கூரை மேல உக்காந்திருக்கு. பனி விழுந்தா ஓடு என்னாகும்? நான் ஒண்ணும் சொல்லல, பாத்துக்குங்க."

ஒன்றும் சொல்லாமலே மூன்று வாரம் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கிகுனோ இரும்புக் கத்தரியை எடுத்துவிட்டாள்.

சொட்டுவது நிற்காததால் தோட்டக்காரர் சகோதாவுக்குப் போன் செய்தாள்.

"பிப்ரவரியிலயா வெட்டுனீங்க? அதுவும் கத்தரியில? சாறு ஏறியிருக்குமேம்மா. இனிமே மெழுகு வெச்சாலும் நிக்காது."

"எப்பதான் நிக்கும்?"

"இலை விட்டா நிக்கும். ஏப்ரல் ஆகும்."

கஞ்சியோடு திரும்பினாள். யசுஹேயின் உதடு வெடித்திருந்தது. காலையில் அப்படி இல்லை. விரல் இரண்டு முறை அசைந்தது. தண்ணீர் கொடுத்தாள். மறுபடி அசைந்தது. ஆறு கோப்பை குடித்தும் நாக்கு காய்ந்தே கிடந்தது. வெளியே டொக் என்று விழும்போதெல்லாம் அவர் தொண்டைக்குழி ஒருமுறை உள்வாங்கியது. அதைக் கவனித்த பிறகு அவளால் வேறெதையும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் டாக்டர் வந்து இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார். ஏறியது எங்கே போயிற்று என்று அவருக்கும் விளங்கவில்லை.

"நிறையக் குடிக்கக் குடுங்க," என்றார். பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் வாளி நிரம்பி வழிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு, புளிப்பு. அவள் பிசைந்த பிளம் கஞ்சியின் ருசி.

கிகுனோ ஏணி வைத்து மரத்தில் ஏறினாள். மெழுகு அப்பினாள். துணி சுற்றினாள். கல்யாணத்தில் கட்டிய பட்டு இடைக்கச்சையையும் கிழித்து இறுக்கினாள். எல்லாம் நனைந்து, ஓரம் வழியாகச் சொட்டியது. வேறு வழி தெரியாமல் வாளி நீரையே காய்ச்சி, கரண்டியால் அவர் வாயில் ஊற்றினாள்.

"குடிங்க. உங்களோடதுதான். கொஞ்சம் குடிங்க."

வெளியே சொட்டு வேகமெடுத்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கொடுத்தாலும் போகிறது. கொடுக்காவிட்டாலும் போகிறது. அவர் கண்கள் அவளையே பார்த்தன. விரல் அசைந்தது. இரண்டு முறை.

டொக். டொக்.

ஐந்தாம் நாள் விடியலில் சத்தம் நின்றது.

கிகுனோ அழுதே விட்டாள். "நின்னுடுச்சுங்க," என்று அவரைத் தூக்கிவிட முதுகுக்கடியில் கை கொடுத்தாள். கையில் ஏறியது ஒரு தலையணையின் கனம். போர்வைமேல் கிடந்த விரல் அசையவில்லை. தொட்டாள். காய்ந்த குச்சிபோல் ஒடிந்தது.

இலை விட்டால் நிற்கும்.

கதவைத் தள்ளினாள். தோட்டமெங்கும் பனி. காற்று இல்லை. வெட்டுப்பட்ட ஒவ்வொரு நுனியிலும் சின்னச் சின்னச் சிவப்பு இலைகள். எல்லாம் விரிந்த கைகள். ஐந்தைந்து விரல்.

ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் கொக்கியாக வளைந்திருந்தது.

அத்தனையும் சேர்ந்தாற்போல் அசைந்தன. இரண்டு முறை. நின்றன.

மறுபடி இரண்டு முறை.