கூடம் காலியாகும்வரை

நியூயார்க்கின் பவரி தெருவில் இருந்த தியேட்டரில் கடைசிப் படம் ஓடத் தொடங்கியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வில்மா பியானோவை வாசித்தபடியே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். நாய் வித்தை, தட்டு சுழற்றல், குண்டுப் பாட்டுக்காரி எல்லாம் மேடையில் முடிந்த பிறகு தேய்ந்துபோன இந்தப் பேசாத சிரிப்புப் படத்தை ஓட்டுவதே, உட்கார்ந்திருப்பவர்களைச் சலிக்கவைத்துக் கிளப்பி, அடுத்த பகல் காட்சிக்கு நாற்காலி தேற்றத்தான். சரக்கைக் காட்டி வாடிக்கையாளரை விரட்டும் கடை ஊரிலேயே இது ஒன்றுதான். கூடம் காலியாகும்வரை வாசிக்கிறவள் கையை எடுக்கக்கூடாது. பாதியில் நிறுத்திய முந்தைய பெண்ணை மேலாளர் கீகன் அன்றைக்கே தெருவில் விட்டார். வில்மாவுக்கு இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

திரையில் வழக்கம்போல கோமாளித் தடியனின் முகத்தில் கிரீம் கேக் வந்து அப்பியது. எப்போதும் ஒரு தடவை வழித்தால் அசட்டுக் கண்கள் தெரியும். இன்று வழித்தான். மறுபடி வழித்தான். கை நிறைய வந்துகொண்டே இருந்தது. கண் தெரியவில்லை.

கூடவே ஒரு நாற்றம். வெயிலில் மறந்துபோன பாலாடையின் புளித்த, கொழுப்பேறிய நாற்றம், ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையையும் சுருட்டுப் புகையையும் அமுக்கிக்கொண்டு அவள் நாக்கில் வந்து படிந்தது. பின்னால் சிரிப்பு. கூழ் கொதிப்பதுபோல் கொழகொழத்த சிரிப்பு.

மேடைத் திரையோரம் கீகன் வந்து நின்றார். இருட்டில் தொப்பி மட்டும் தெரிந்தது.

"சார், ஒருத்தரும் போக மாட்டேங்கறாங்க. நாத்தம் குடலைப் புரட்டுது. விளக்கைப் போடுங்களேன்."

"காசு குடுத்தவன் உக்காந்து சிரிக்கிறான், உனக்கு எங்க வலிக்குது? வாசிம்மா."

"படம் இந்நேரம் முடிஞ்சிருக்கணும் சார்."

"கடைசி ஆள் எந்திரிக்கட்டும். அப்புறம் முடியும்."

சொல்லிவிட்டு எதையோ துப்பினார். அவள் காலணியில் சொத்தென்று விழுந்தது. வெள்ளையாக.

பியானோக் கட்டைகள் பிசுபிசுத்தன. விரலைத் தூக்கினால் நூலாக இழுத்தது.

வேலை போனால் போகட்டும். கையை எடுத்தாள்.

சிரிப்பு நின்றது.

அப்போதுதான் கூட்டம் எழுந்தது. மொத்தமாக. வாசல் பக்கம் யாரும் திரும்பவில்லை.

திரை வெளிச்சத்தில் வரிசை வரிசையாக வெள்ளை முகங்கள். மூக்கில்லை. வாயில்லை. எல்லாக் கைகளும் வழித்துக்கொண்டிருந்தன.

வில்மாவின் கன்னத்தில் ஏதோ வழிந்தது. துடைத்தாள். கை நிறைய வந்தது.

மறுபடி துடைத்தாள்.

விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டுவரை. எலும்பு தட்டுப்படவேயில்லை.