ஆறு நிமிடக் கட்டுரை

நூலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வழிகாட்டியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கல்லூரியின் விளையாட்டு மாணவர்களுக்குப் படிக்கவும் எழுதவும் பழக்கித் தருவது அவள் வேலை.

"பன்னெண்டு மணிக்கு என் ஓட்டக்காரிய கல்லூரிய விட்டே அனுப்பப் போறாங்க. காப்பி அடிச்சாளாம்!" என்று இரண்டு கட்டுரைகளை மேசையில் வீசினாள். "வரி பிசகாம ரெண்டும் ஒண்ணு. இன்னொண்ணு பேராசிரியரோட அண்ணன் பையனோடது. அவன் ஒரு நாள் முன்னாடி கொடுத்துட்டான். அதனால இவதான் திருடியாம்."

நூலகர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். கல்லூரிக்குள் யார் மீது பழி விழுந்தாலும் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். அவருடைய உதவியாளருக்கோ கேட்ட மாத்திரத்தில் ரத்தம் கொதித்தது.

"கால் ஓடுனா மூளை ஓடாதுன்னு யாருங்க இவங்களுக்குச் சொன்னது?" என்றாள்.

"நீ கொஞ்சம் மூச்சு விடும்மா," என்ற நூலகர் வழிகாட்டியிடம் திரும்பினார். "கொடுக்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினாளா?"

"பேராசிரியர்கிட்டயே! ஆசிரியர்கிட்ட காட்டிக் கருத்துக் கேளுன்னு நான்தான் அனுப்பினேன். பத்து நாள் முன்னாடி ஒரு நகலை அவர் அறையில வச்சுட்டு வந்தா. அப்படி ஒண்ணு வரவே இல்லைன்னு சாதிக்கிறார்."

மூவரும் படிப்புக் கூடத்துக்குப் போனார்கள். எட்டு விளையாட்டு மாணவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதியதும் எழுந்து மேசையைச் சுற்றி நடந்தார்கள். மறுபடி விசில், உட்கார்ந்தார்கள்.

"ஒரு மணி நேரம் உட்காருன்னா துடிச்சுப் போவாங்க. அதான் மைதானத்துல பழகின மாதிரியே ஆறு நிமிஷத்துல ஒரு பத்தி எழுத்து, ஒரு நிமிஷம் நடை," என்றாள் வழிகாட்டி. "திரும்ப உட்கார்ந்ததும், அதுவரைக்கும் சொன்னதை ஒரே வரியில எழுதிட்டுத்தான் மேல போகணும்."

"அந்த வரிகளைக் கடைசியில அடிச்சிடணுமா?" என்றார் நூலகர்.

"அடிக்கணும். இவ மறந்துட்டு அப்படியே கொடுத்துட்டா. அதுக்கும் என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா."

நூலகர் கையோடு கொண்டுவந்த கட்டுரைகளை வாசித்து, சுவரில் தொங்கிய வருகைப் பதிவேட்டையும் புரட்டிவிட்டு, "போகலாம்," என்றார்.

முதல்வர் அறையில் பேராசிரியர் கால்மேல் கால் போட்டிருந்தார். அண்ணன் மகன் பக்கத்தில். ஓட்டக்காரி நின்றுகொண்டிருந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. உதவியாளர் பல்லைக் கடித்தாள்.

"தம்பி, கட்டுரைய எப்ப எழுதினீங்க?" என்றார் நூலகர்.

"ஞாயித்துக்கிழமை காலையில. ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்."

"நடுவுல எழுந்திருக்கவே இல்லையா?"

"தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல சார்."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு பத்தியோட தொடக்கத்துலயும், அதுக்கு முன்னாடி சொன்னதையே ஒரு வரியில திரும்பச் சொல்றீங்க? ஒன்பது இடத்துல இருக்கு. எழுந்து நடந்துட்டு வந்து உட்கார்ந்தவங்களுக்குத்தான் அந்த வரி தேவை. எல்லாப் பத்தியும் பத்துப் பத்து வரி, அஞ்சாவது மட்டும் நாலே வரி. ஏன்?"

அவன் கட்டுரையைப் புரட்டி ஐந்தாவது பத்தியைத் தேடினான்.

"தீ ஒத்திகை மணி அடிச்சுது," என்றாள் ஓட்டக்காரி. "எல்லாரும் வெளிய ஓடினோம்."

"பதிவேட்டுலயும் அன்னிக்கு அப்படித்தான் எழுதியிருக்கு," என்றார் நூலகர். "இந்தத் தம்பி பேரு அதுல ஒரு நாள்கூட இல்ல. தம்பி, எங்கிருந்து எடுத்தீங்க?"

அவன் பேராசிரியரைப் பார்த்தான். "சித்தப்பா மேசையில சும்மாதான் கிடந்துச்சு. ஒரு வாரமா அவர் பிரிச்சுக்கூடப் பார்க்கல. எப்படியும் பார்க்க மாட்டார்னுதான்..."

பேராசிரியரின் கால் கீழே இறங்கியது. "சரி, விடுங்க. சின்னப் பையன். இந்தப் பொண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டுடறேன்."

"வாசிக்காமலா?" என்றாள் ஓட்டக்காரி. "மூணு வாரம் படிச்சுப் படிச்சு எழுதினேன். திருடின்னு சொல்லும்போதும் நீங்க வாசிக்கல. இப்பவும் வாசிக்கல." கட்டுரையை அவர் முன்னால் நகர்த்தினாள். "வாசிங்க சார். சத்தமா."

பேராசிரியர் முதல்வரைப் பார்த்தார். எழப்போன முதல்வர் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

பேராசிரியர் வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பத்தியில் பாதி வரியை முணுமுணுத்துத் தாண்டப் பார்த்தார்.

"அந்த வரிய மறுபடி," என்றாள் ஓட்டக்காரி.