நூறு பஃப்ஸும் ஒரு வெண்ணெய் கேக்கும்

மழை தொடங்கியதுகூடத் தெரியாமல் சாய்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்... அதுவும் பெயர் தெரியாத ஒருவனோடு.

காஞ்சிபுரத்து ராஜவீதியில் வேலாயுதத்தின் கடை. கேக் செய்கிறவர்களுக்கு வேண்டிய மாவு, எசென்ஸ், அச்சு, வெண்ணெய் எல்லாம் அங்கே கிடைக்கும். உப்பில்லாத வெண்ணெய் வாங்க வந்தவள், தனக்கு முன்னால் நின்ற நெடியவன் ஒருவன், வெண்ணெய்க்குப் பதிலாகப் போடுகிற மார்ஜரின் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வண்டியில் அடுக்குவதைப் பார்த்தாள். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே...

"இதுல சுட்டதை எப்படித்தான் சாப்புடுறாங்களோ" என்று வேலாயுதத்திடம் சொல்வதுபோல் சொன்னாள்.

அவன் திரும்பினான். அடுப்பருகே நின்று நின்று பழகியதாலோ என்னவோ, லேசாக இடுங்கிய கண்கள்... அவற்றில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஊரே சாப்புடுதுங்க" என்றான். "பஸ் ஸ்டாண்டாண்ட கௌஸ் பாஷா பேக்கரி எங்களுதுதான்."

அந்தக் கடைப் பிஸ்கட்டைத் தின்று வளர்ந்தவள்தான் சாய்மாவும். ஒத்துக்கொள்வாளா என்ன?

"பட்டர் பிஸ்கட்டுன்னு ஜாடியில எழுதி வச்சிருக்கீங்க. அதுல பட்டர் எங்க இருக்குது?"

அவன் காது மடல் இரண்டும் குங்குமம் பூசினாற்போல் சிவந்துவிட்டன. அது அப்பா வைத்த பெயர் என்று மட்டும் முணுமுணுத்தான். அப்போதுதான் தெருவைப் பார்த்தாள்... ஆவணி மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. குடையும் இல்லை. சண்டை போட்டவனோடு ஒரே தகரக் கூரைக்குக் கீழே நிற்கவேண்டியதாயிற்று.

"உனக்கு தன்வீர் தம்பியைத் தெரியாதாம்மா?" என்று வேலாயுதம் வேறு இடையில் புகுந்து அறிமுகம் செய்துவைத்தார்.

சாய்மாவின் அப்பா இருந்தவரை ஜரிகை வியாபாரம். ஜரிகையை நகத்தால் சுரண்டு, உள்ளே சிவப்பு நூல் வந்தால் அசல், வெள்ளையாக வந்தால் போலி என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். எதையும் சுரண்டிப் பார்க்காமல் நம்பாத பெண்ணாக வளர்ந்துவிட்டாள். வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்தபோது அட்டைப்பெட்டி மேல் அவள் அச்சடித்தது இரண்டே சொற்கள்... 'வெண்ணெய் மட்டுமே'.

மழை விடுகிற மாதிரி இல்லை. தன்வீர் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். வெண்ணெய்க்கு ஈடு வெண்ணெய்தான், அதை அவன் மறுக்கவே இல்லை. அதிலிருக்கிற பால் சூட்டில் சிவந்து தருகிற மணம் எந்த எண்ணெய்க்கும் வராது, நாக்கின் சூட்டிலேயே உருகுவதால்தான் அந்த ருசி என்றான். ஆனால் வாயில் உருகுவது இந்த ஊர் வெயிலிலும் உருகுமே? மாவை மடித்து மடித்துச் செய்கிற பஃப்ஸுக்கு, மடிப்புக்கு நடுவே கொழுப்பு கெட்டியாக நிற்க வேண்டும். தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்த மார்ஜரின் அந்தச் சூட்டைத் தாங்கும் என்றான்.

எவ்வளவு அழகாகச் சொல்கிறான்... என்று நினைத்துவிட்டு உடனே தன்னையே திட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நூறு வெஜிடபிள் பஃப்ஸ் செய்யப் போவதாகவும், வெண்ணெயிலேயே செய்து காட்டுவதாகவும் சவால் விட்டாள்.

"அப்போ விடியறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றான் அவன். அக்கறையாகத்தான் சொன்னான். அவளுக்கோ குத்திக் காட்டுவதுபோல் இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அந்த ஆர்டர் சாதாரண ஆர்டர் அல்ல. பட்டுத் தறிக்காரர் பழனி, தன் மகள் சத்யப்ரியாவின் நிச்சயத்துக்கு நூறு பஃப்ஸோடு ஒரு கேக்கும் கேட்டுக் கொடுத்தது. சாய்மாவின் அம்மா ஜோஹரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இது நல்லபடியாக முடிந்தால் வீட்டு முன்னறையைக் கடையாக்கிக்கொள்ளலாம். சொதப்பினால் ஓவனை மூட்டை கட்டிவிட்டு, ஆற்காட்டிலிருந்து வந்திருக்கும் சம்பந்தத்துக்குச் சரி என்று சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. கேக் முதல் நாளே தயார்... வீடே மணத்தது. போன மார்கழிக் குளிரில் பத்து பஃப்ஸ் செய்து நன்றாக வந்த தைரியத்தில், நிதானமாக ஏழு மணிக்கு மாவை எடுத்தாள். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ஃப்ரிட்ஜ் நின்றது. வெயில் ஏற ஏற, மடிப்புக்குள் இருந்த வெண்ணெய் கசிந்து கையெல்லாம் வழிந்தது. கரண்ட் வந்து ஓவனில் வைத்த முதல் தட்டு, தன் நெய்யில் தானே பொரிந்து அப்பளம்போல் படுத்துவிட்டது. இரண்டாவது தட்டும் அப்படியே. மணி பதினொன்று.

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. ரோஷத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, துப்பட்டாவில் மாவு ஒட்டியது ஒட்டியபடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

தன்வீர் சிரிப்பான் என்று நினைத்தாள். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்பான் என்று நினைத்தாள். அவன் கேட்டது ஒன்றுதான்...

"எத்தினி மணிக்குக் குடுக்கணும்?"

சாயங்காலக் கடைக்கென்று மடித்து வைத்திருந்த மாவு மொத்தத்தையும் அப்படியே எடுத்து மேசைமேல் வைத்தான். அப்படியானால் உங்கள் கடைக்கு என்ன செய்வீர்கள் என்றாள் இவள். இன்றைக்கு பஃப்ஸ் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான், ஏதோ சில்லறை இல்லை என்கிறாற்போல.

பிறகு அவன் கைகள்... சாய்மா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். உருட்டுக்கட்டை போகிற வேகத்தில் ஒரு அவசரமும் இல்லை. மாவைப் பட்டுப்புடவை மடிப்பதுபோல் ஓரம் பிசகாமல் மூன்றாக மடித்தான். திருப்பினான், தேய்த்தான், மறுபடி மடித்தான். ஒரு இடத்திலும் கிழியவில்லை. தொழுகைக்கு பாங்கு கேட்டதும் ஈரத்துணியால் மாவை மூடினான்.

"மாவு கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். ஜும்மா முடிச்சிக்கினு வந்துடுறேன்... நீங்களும் உட்காருங்க."

அந்த ஒரு மணி நேரம் சாய்மா காவல் இருந்தது மாவுக்கா, இல்லை தன் மனசுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு நூறு பஃப்ஸும் பொன்னிறமாக எழும்பி நின்றன. ஒன்றைக் கடித்தாள். நொறுநொறுவென்று உதிர்ந்தது. எத்தனை அடுக்கு... இதைத் தன்னால் இந்த வெயிலில் செய்திருக்கவே முடியாது என்று வாய்விட்டே சொன்னாள். ஆனால் நாக்கின்மேல் மெழுகு பூசினாற்போல் ஒன்று நின்றது, அதையும் சொன்னாள்.

"நிக்கும்" என்று ஒப்புக்கொண்டான் தன்வீர். "வெண்ணெய் வாயில நிக்காது, போயிடும். ஆனா மனசுல நிக்கும். மார்ஜரின் வெயிலைத் தாங்கும்... வாய்லயும் கொஞ்சம் தங்கும். அதோட குணம் அது."

பஃப்ஸை ஆட்டோவில் ஏற்றி, வழியில் வீட்டிலிருந்த கேக்கையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். அப்போதுதான் அவள் கண்ணில் தன் அட்டைப்பெட்டிகள் பட்டன. 'வெண்ணெய் மட்டுமே.'

யாருக்குத் தெரியப்போகிறது? பழனி வீட்டில் யாரும் பஃப்ஸைச் சுரண்டிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அப்பா இருந்திருந்தால்... போலி ஜரிகையை மலிவு ஜரிகை என்று சொல்லி விற்றவனை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அசல் என்று சொல்லி விற்றவன் கடை வாசலைத்தான் மிதிக்கமாட்டார். இவன் ஜாடியைப் பார்த்து அன்றைக்கு என்ன பேச்சுப் பேசினாள்.

மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள், ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மேசைமேல் நிறுத்தினாள். 'கேக் – வெண்ணெய். பஃப்ஸ் – மார்ஜரின்.' அதைப் பார்த்த ஜோஹரா ஓடிவந்தாள். உனக்கு நீயே குழி வெட்டிக்கிறியா என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். தட்டு இறக்க வந்திருந்த தன்வீர் அந்த அட்டையைப் படித்தான். இன்னொரு முறையும் படித்தான்.

பழனியும் வந்து படித்தார். சாய்மா நடந்ததைச் சொல்லி, பஃப்ஸுக்குப் பணம் வேண்டாம் என்றாள். அவர் ஒரு பஃப்ஸைத் தின்றார். ஒரு துண்டு கேக்கையும் தின்றார்.

"உங்கப்பாகிட்ட இருவது வருஷம் ஜரிகை வாங்கினேன்மா" என்றார். "மட்ட சரக்குன்னா பில்லுலயே எழுதிடுவாரு. அதனாலதான் வேற எவன்கிட்டயும் நான் போகலை. கல்யாணத்துக்கும் நீயே செஞ்சிடு... ரெண்டுத்தையும் இதே மாதிரி எழுதி வச்சி."

வீடு வந்ததும் ஜோஹரா முன்னறையிலிருந்த பீரோவை நகர்த்தச் சொன்னாள். அவ்வளவுதான், ஓவனுக்கு இடம் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனாள் சாய்மா. கூடவே ஒரு டப்பாவில் கேக். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கல்லாவில் தன்வீரின் அப்பா கௌஸ் பாஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் உடனே புரிந்தது... கண்ணாடி ஜாடியில் பழைய சீட்டைக் காணோம். கோணல்மாணலான புது எழுத்தில் 'மார்ஜரின் பிஸ்கட்' என்று இருந்தது. அதையும் ஜனங்கள் எப்போதும்போல் வாங்கித் தின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளே அடுப்பருகே தன்வீர் நின்றிருந்தான். கேக்கை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண் திறக்க நேரமாயிற்று. திறந்தபோது அதில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"இது எனக்கு வராதுங்க" என்றான். "இருவது வருஷம் கத்துக்கினாலும் வராது."

"மடிக்கிறது எனக்கு வராது" என்றாள் அவள்.

அவன் துண்டில் கையைத் துடைத்துத் துடைத்து...

"நேத்து அந்த அட்டையைப் பார்த்தேன். அப்புறம் மனசு கேக்கலை. ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஜாடியில சீட்டை மாத்திட்டேன். இப்ப ஒண்ணை மட்டும் உள்ள வச்சிக்கினு வெளியில வேற பேசிக்கினு இருந்தா அது நியாயம் இல்ல... எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது. அன்னிக்கு மழையில திட்டினீங்க பாருங்க, அப்பவே."

சொல்லி முடிப்பதற்குள் அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. சாய்மா அவற்றையே பார்த்தாள். சுரண்டக்கூட வேண்டியிருக்கவில்லை... சிவப்பு தானாகவே வந்துவிட்டது. அப்பா சொல்லிக் கொடுத்தது கைவிடுமா?

"அசல்தான்" என்றாள் மெல்ல.

அவனுக்குப் புரியவில்லை. இன்னா என்று கேட்டான்.

"எனக்கும் புடிச்சிருக்குதுன்னு சொன்னேன்" என்றாள் சாய்மா. "ஆற்காட்டுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடச் சொல்லி அம்மீகிட்ட நான் பேசிக்கிறேன். ஜாடிக்கே இத்தினி கோவமா இருக்காரு... உங்க அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்."