கடைசியில் மிஞ்சுபவர்

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு! நீதித்துறை வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு வக்கீல் பேசிய லத்தீனை இன்னொருவர் கடைசி வரை காதில் வாங்கினார்.

அதற்கு ஒரு பிணம் தேவைப்பட்டது.

பிணம் வீட்டின் பின்புறம் சிமென்ட் தரையில் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி அதன் மேல் கிடந்தது. பக்கத்தில் இறந்தவரின் தங்கை நின்று அலறிக்கொண்டிருந்தாள்.

பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசல் சுவரில் யாரோ இழுத்திருந்த சிவப்புப் பெயின்ட் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனார். சுவரில் ஏணியைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டுகளைத் தேடினார்.

ஒன்றுகூட இல்லை. உடைந்து விழவில்லை... கழற்றப்பட்டிருந்தன!

இறந்தவர் சின்னண்ணன், அச்சகம் வைத்திருந்தவர். மிச்சம் இரண்டு பேர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை. மூத்தவர் வக்கீல், தெருவில் அவருக்கு லத்தீன் என்றுதான் பெயர். அவருடைய கட்சிக்காரர்கள் தோற்றாலும் நல்ல லத்தீனில்தான் தோற்பார்கள்.

மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டை விட்டு யாராவது நகர்ந்தால்தானே!

தங்கை இன்ஸ்பெக்டரை மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள்.

"அடுத்தது நான்தான் மேடம். பெரியண்ணன் என்னையும் விடமாட்டார்."

ஹாலில் வக்கீல் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். தம்பி செத்த துக்கத்திலும் கோட்டின் பட்டன் கழலவில்லை.

"அப்பா வீட்டை எப்படி எழுதி வச்சிருக்கார், வக்கீல் சார்?"

"யூஸ் அக்ரெஸ்கெண்டி."

"சளியா சார்?"

வக்கீல் மனம் புண்பட்டு, தமிழுக்கு இறங்கி வந்தார். வீடு மூவருக்கும் சேர்த்துப் பொது. இது உன் அறை, இது என் அறை என்ற பங்கு கிடையாது. ஒருவர் இறந்தால் அவர் உரிமை மற்றவர்களோடு கரைந்துவிடும். கடைசியில் மிஞ்சுபவருக்கு முழு வீடும்.

தம்பி போனதில் உங்களுக்கு லாபம்தான் என்றார் இன்ஸ்பெக்டர். தங்கைக்கும்தான் என்றார் வக்கீல்.

"உங்க தங்கச்சி உங்களைப் பார்த்து நடுங்கறாங்க சார்."

வக்கீலின் தாடை தொங்கியது. லத்தீன் மறந்துபோய்ப் பேசினார்.

"என்னைப் பார்த்தா? அவளுக்கு நடக்கப் பழக்கினதே நான்தான் மேடம்."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்கும் அவரிடம் லத்தீன் இருந்தது. சொன்னார். அதன் பொருளையும் சொன்னார்: விருப்பமில்லாதவரை யாரும் கூட்டுச் சொத்தில் கட்டிப்போட முடியாது. தங்கை பிரிந்துகொள்கிறேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவள் பங்கு தனியாகிவிடும். அவள் செத்தாலும் அண்ணனுக்கு ஒரு செங்கல்கூட வராது. அண்ணன் செத்தாலும் அவளுக்கு வராது.

"இப்பவே எழுதித் தர்றேன். அப்புறம் அவளைக் கொன்னு எனக்கு என்ன ஆகப்போகுது?"

எழுதினார். தங்கையைக் கூப்பிட்டு விளக்கினார். பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அப்பா சேர்த்து வைத்ததைப் பிரிக்க மனசு வரவில்லையாம். எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தையே பார்த்தார்.

உயிருக்கு நடுங்குகிறவள்... ஒரு கையெழுத்தில் தப்பிக்கலாம்... ஏன் போடவில்லை?

பயப்படுகிறவள் போடுவாள். காத்திருக்கிறவள்தான் போடமாட்டாள்!

டீ வந்தது. எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர். அண்ணனுக்கு மட்டும் அவர் வழக்கமாகக் குடிக்கும் நீலக் கோப்பை. வக்கீல் அதை எடுத்தார். ஊதினார். உதட்டருகே கொண்டுபோனார்...

"சார், கீழே வைங்க."

வைத்தார்.

"ஏம்மா, அண்ணன் டீயை நீ ஒரு வாய் குடி."

தங்கை சிரிக்கப் பார்த்தாள். "எனக்குச் சர்க்கரை ஒத்துக்காது மேடம்."

"அதான் உன் டம்ளர்லயும் போட்டிருக்கியே. ஒரு வாய் போதும்."

தங்கையின் கை கோப்பையை நோக்கி நகரவே இல்லை.

சமையலறையைச் சோதித்த கான்ஸ்டபிள் டீத்தூள் டப்பாவோடு வந்தார். டீத்தூளுக்கு அடியில் போல்ட்டுகள். நீலக் கோப்பையில் வக்கீலின் தூக்க மாத்திரைகள், விடியவே விடியாத தூக்கத்துக்கான அளவு. தம்பியைக் கொன்ற குற்ற உணர்ச்சியில் அண்ணன் தற்கொலை... கதையையும் தயாராகத்தான் வைத்திருந்தாள்.

"ஏன்டா கண்ணு?" என்றார் வக்கீல்.

"சாப்பிட உக்காந்தா லத்தீன். எழுந்தா லத்தீன். சின்னண்ணன் தட்டைத் தூக்கிட்டு மாடிக்குப் போயிடுவார். நான் ஒருத்திதான் கேட்டேன். மிஞ்சறவங்களுக்குத்தான் முழு வீடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்கு அடுத்ததையும் சொன்னேனேம்மா. தான் செஞ்ச குத்தத்தால தானே லாபம் அடைய முடியாது. கொன்னவங்களுக்கு அந்த உரிமையே கிடையாது."

தங்கை யோசித்தாள்.

"அப்போ நான் தண்ணி எடுக்க உள்ளே போயிருந்தேன்."

ஜீப் கிளம்பியது. வக்கீல் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கொன்றவளுக்கு உரிமை போனதால், சட்டப்படி முழு வீடும் அவருக்கு வந்து சேர்ந்தது.

சிவப்புக் கோடு போட்டவர்களும் வந்து சேர்ந்தார்கள். சாலையை அகலமாக்க வீட்டை இடித்தார்கள்.

அங்கே இப்போது பஸ் நிறுத்தம். 'ரெஸ் கொம்யூனிஸ்' என்றால் எல்லோருக்கும் பொதுவானது என்று, நிற்பவர்களிடம் வக்கீல் விளக்க ஆரம்பிப்பார்.

பஸ் வந்துவிடும்.